வராத நாளுக்குப் பாதி

ஞானமலர் தன் வாழ்க்கையில் எத்தனையோ யன்னல்களுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நிவாரண அரிசி தந்த யன்னல், கூரைக்குத் தறப்பாள் தந்த யன்னல், ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் தந்த யன்னல், முகாமில் பெயர் பதிந்த யன்னல், பிறகு வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுத்த யன்னல். உள்ளே இருந்தவர்களின் முகம் ஒன்றும் இப்போது அவளுக்கு நினைவில்லை. அவர்களோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் உள்ளே இருப்பவர் தலை நிமிர்த்த மாட்டார். காய்ச்சல் என்றால் வரிசையில் நில் என்பார். பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது என்றால்தான் பேனையைக் கீழே வைப்பார்.

அவளைப் பொய்க்காரி என்று சொல்லுகிறவர்கள் ஒருக்கால் அந்த வரிசையில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சண்டை முடிந்த வருடம் அது. புருசன் தோமஸை நந்திக்கடல் பக்கம் செல்வீச்சுக்குப் பறிகொடுத்துவிட்டு, மகன் மெல்ரொனை ஒரு கையிலும் சின்னவள் நிரோசினியை இடுப்பிலுமாக முகாமுக்கு வந்து சேர்ந்தாள். நிரோசினிக்கு வயிற்றோட்டம். கண் உள்ளே போய்விட்டது. வைத்தியக் கூடாரத்துக்கு முன்னால் ஊர்ப்பட்ட சனம். ஞானமலர் வரிசையைப் பிளந்துகொண்டு போய், “ஐயா, இப்பதான் ஒண்டு செத்தது, இது ரெண்டாவது” என்று தலையில் அடித்துக்கொண்டு குழறினாள். செத்த பிள்ளை என்று ஒன்று அவளுக்கு இருந்ததேயில்லை. ஆனாலும் அம்புலன்ஸ் வந்தது. ஒருநாள் பிந்தியிருந்தால் தப்பியிராது என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார்.

இன்னொன்றையும் அவள் அங்கேதான் கற்றாள். சொன்னதை மாற்றக் கூடாது. பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி முதல் விசாரணையில் ஒன்றையும் அடுத்த விசாரணையில் இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்த விசாரணையை ஞானமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிச் சொல், சொன்னால் அதிலேயே நில். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஞானமலருக்கு உயிரைக் காப்பாற்றித் தந்த படிப்பு இதுதான்.

முகாமிலிருந்து அளம்பிலுக்குத் திரும்பி வந்து, கரைவலைக்காரரிடம் சூடை மீனும் கீரி மீனும் வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். மெல்ரொனைச் சுவிசுக்கு அனுப்பினாள். நிரோசினி உயர்தரம் படித்துவிட்டு முள்ளியவளையில் ஒரு புடவைக்கடையில் காசு வாங்குகிற மேசையில் இருந்தாள். கெட்டிக்காரி, வாயாடி. கடைக்கு வருகிற சனங்களைப் போலச் செய்து காட்டித் தாயை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பாள்.

ஒருநாள் வேலையால் வந்தவள் அடுத்தநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு குளிப்பு நின்றது, சாப்பாடு நின்றது, கதை நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்தாயிற்று. தண்ணீர் மந்திரித்துக் குடிக்கக் கொடுத்தாயிற்று. ஒரு மத்தியானம் ஞானமலர் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். நிரோசினி தன்னை மாய்க்கப் பார்த்திருக்கிறாள்.

உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் மருந்து தந்து, கிளினிக்குக்கு வரச்சொல்லி, மருந்தோடு யாரிடமாவது கிழமைக்கொருமுறை மனம்விட்டுக் கதைக்கவும் வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மெல்ரொன் சுவிசிலிருந்து யார் யாரையோ பிடித்து விசாரித்து, வவுனியாவில் தனியார் இடம் ஒன்றைக் கண்டுபிடித்தான். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ அம்மா, நான் கட்டுறன் என்றான். அன்றைக்கு அவன் போனில் அழுததை ஞானமலர் மறக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த உளவளத்துணை நிலையம். முன்னறையில் வந்தவர்கள் இருக்க ஒரு வாங்கு, ஒரு மேசை, மேசையில் வினோஜா என்று ஒரு பிள்ளை. உள்ளறையில் லக்சிகா மிஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, சத்தமில்லாத கதை. முதல் நாள் தாயையும் மகளையும் சேர்த்து இருத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தாய்க்குச் சொல்லவில்லை, மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவே ஞானமலருக்குப் புதுமை.

“நிரோசினி, இஞ்ச வாற ஆளைத் துணைநாடி எண்டு சொல்லுவம். இஞ்ச துணைநாடி நீங்கள்தான். அம்மாவுமில்லை, காசு கட்டுற அண்ணாவுமில்லை. நீங்கள் கதைக்கிறது உங்களுக்கும் எனக்கும் இடையில இருக்கும். நான் எழுதிவைக்கிறதை நீங்கள் எப்ப கேட்டாலும் காட்டுவன். பிடிக்கேல்லை எண்டால் எப்பவும் நிப்பாட்டலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கட உயிருக்கு ஆபத்து எண்டு எனக்குத் தெரிஞ்சால் மட்டும் வீட்டாரோடயும் டொக்டரோடயும் கதைப்பன். அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்.”

பிறகு காசுக் கதை. ஒரு மணித்தியாலத்துக்கு மூவாயிரம். வர ஏலாது என்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், அப்படியென்றால் காசில்லை. சொல்லாமல் விட்டால் பாதி. கணக்குச் சீட்டு காசு கட்டுகிறவரின் போனுக்கு அன்றைக்குப் பின்னேரமே வரும். அதில் தொகையைத் தவிர வேறொன்றும் இராது.

“வராததுக்கும் காசோ?” ஞானமலர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“ஓம் அம்மா. அந்த மணித்தியாலம் இவவுக்கெண்டு வைச்சது. இவ வராட்டிலும் அந்தக் கதிரையில நான் வேற ஆளை இருத்தமாட்டன்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் நெடுங்கேணி வரைக்கும் ஞானமலருக்கு அது ஆறவேயில்லை. “கரைவலையில மீன் படாத நாளுக்கு ஆரும் எனக்குக் காசு தந்தவையோ? இனி நானும் சந்தையில சொல்லப்போறன், கருவாடு வாங்காமல் போற ஆக்கள் பாதி தந்திட்டுப் போங்கோ எண்டு.” யன்னல் பக்கம் திரும்பியிருந்த நிரோசினியின் கடைவாயில் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சொல்ல ஏலாது. சிரிப்புக்குப் பக்கத்து வீடு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அதைக் கண்ட ஞானமலர், மூவாயிரம் என்ன, முப்பதாயிரமும் தகும் என்று நினைத்தாள்.

புதன்கிழமைகள் போயின. விடிய எழும்பி, முல்லைத்தீவு போய், வவுனியா பஸ் எடுத்து, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்று ஆடி அசைந்து போய்ச் சேருவார்கள். மகள் உள்ளே போவாள். தாய் வாங்கில் இருப்பாள். கதவுக்குப் பின்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். முதலில் நிரோசினி குளிக்கத் தொடங்கினாள். பிறகு கேட்டுச் சாப்பிட்டாள். ஒருநாள் கேளாமலே வந்து தாயோடு குந்தி இருந்து கருவாடு புரட்டினாள்.

“என்ன பிள்ளை அங்க கதைக்கிறனீங்கள்?”

“கதைக்கிறம்.”

அவ்வளவுதான். ஞானமலர் தனக்குள் கேட்டுக்கொள்வாள். பெற்ற தாய்க்குச் சொல்லாததை, வவுனியாவில் யாரோ ஒருத்திக்குக் காசு கொடுத்துச் சொல்கிறாள். அப்படி என்ன? அந்தப் புடவைக்கடையில் என்ன நடந்தது? இல்லை, தன்னைப் பற்றியோ? தான் என்ன குறை வைத்தாள்? பிறகு தன்னைத்தானே ஆற்றிக்கொள்வாள். ஆபத்து என்றால் சொல்லுவன் என்று மிஸ் சொன்னவாதானே. சொல்லவில்லை என்றால் ஆபத்தில்லை. அந்த ஒரு வசனத்தை அவள் செபமாலை உருட்டுகிற மாதிரி மனதுக்குள் உருட்டிக்கொண்டு திரிந்தாள்.

அண்ணன்காரனுக்குத்தான் பொறுமை போனது. மெல்ரொன் கெட்டவனில்லை. சுவிசில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுகிற காசில் இதைக் கட்டுகிறான். அவன் லக்சிகா மிஸ்ஸுக்குப் போன் எடுத்துத் தங்கச்சிக்கு என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறான். அதை நிரோசினிதான் சொல்ல வேண்டும், உங்களுக்கு நான் தொகையை மட்டும்தான் தரலாம் என்று அவர் தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

“அம்மா, இஞ்ச தண்ணிக்குழாய் திருத்த வாறவன்கூட எங்க உடைஞ்சது, என்ன செய்தனான் எண்டு எழுதித் தந்திட்டுத்தான் காசு வாங்குறான். உவ ஒரு இலக்கத்தை மட்டும் அனுப்பிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறா. நானென்ன ஊர் ஆளோ? கூடப்பிறந்தனான்.”

“அவள் இப்ப சாப்பிடுறாள் தம்பி. என்னோட வந்து இருக்கிறாள்.”

“பொடியன் ஆரும் விசயமோ? ஆரும் ஏதும் செய்தவங்களோ? எனக்கு இரவில நித்திரை இல்லை அம்மா. இந்த மாதத்துக்குள்ள என்ன எண்டு எனக்கு விளங்கவேணும். இல்லாட்டி நான் நிப்பாட்டிப்போடுவன். சும்மா இருட்டுக்குள்ள காசை எறிய என்னட்ட இல்லை.”

ஞானமலர் மகளைக் கெஞ்சிப் பார்த்தாள். நிரோசினி எழும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். லக்சிகா மிஸ்ஸைக் கெஞ்சிப் பார்த்தாள். “அவ விரும்பினால் நீங்களும் உள்ள வந்து இருக்கலாம் அம்மா. அவ விரும்பாமல் ஏலாது” என்றார் மிஸ். அவ விரும்பவில்லை. மாதம் முடியப் போகிறது. காசு நின்றால் புதன்கிழமை நிற்கும். புதன்கிழமை நின்றால் பிள்ளை திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடும். அதற்குப் பிறகு வரப்போவதை ஞானமலரால் நினைக்கவும் முடியவில்லை.

அப்படி இருக்கிற வேளையில்தான், மாதத்தின் கடைசிப் புதன், பஸ் நெடுங்கேணியைத் தாண்டியபோது அவளுக்குப் பழைய படிப்பு நினைவுக்கு வந்தது. ஆபத்து என்றால் கதைப்பன் என்று மிஸ் சொன்னவா. அப்படியென்றால் அதுதான் யன்னல். அந்த யன்னலில் எதைச் சொன்னால் உள்ளே இருப்பவர் பேனையைக் கீழே வைப்பார் என்று ஞானமலருக்கா தெரியாது?

நிரோசினி கைகழுவப் போன நேரம் பார்த்து உள்ளறைக்குள் நுழைந்தாள். “மிஸ், முந்தநாள் திரும்பவும் செய்யப் பார்த்தவள் மிஸ். நான் கண்டு பறிச்சுப்போட்டன். எனக்கு என்ன எண்டு சொல்லுங்கோ, நான் பிள்ளையைக் காப்பாத்தவேணும்.” கண்ணீர் தானாகவே வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

அவள் எதிர்பார்த்தது, மிஸ் கதவைச் சாத்திவிட்டு, தன்னைக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் மெல்லமாகச் சொல்லுவார் என்று. நடந்தது வேறு. லக்சிகா மிஸ்ஸின் முகம் வெளிறியது. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளை உள்ளே கூப்பிட்டார். கனநேரம் போகவில்லை, கதவு திறந்தது. நிரோசினி வாசலில் நின்றாள்.

“அம்மா, நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ.”

ஞானமலர் மகளுக்குப் பின்னால் நின்ற மிஸ்ஸைப் பார்த்தாள். சொன்னதை மாற்றினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பொய்யும் எடுபடாது, உண்மையும் எடுபடாது. இனி இவர்கள் எதையும் நம்பமாட்டார்கள், உண்மையிலேயே ஆபத்து வருகிற நாளில்கூட நம்பமாட்டார்கள்.

“அம்மா, சொல்லுங்கோ!”

ஞானமலர் நிலத்தைப் பார்த்தாள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ யன்னல்களில் எத்தனையோ சொல் சொன்ன வாய், அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் பூட்டிக்கொண்டது. அவளுடைய சீவியத்தில் அவள் செய்த பெரிய பாவம் அதுதான். முதல் சொன்ன பொய்யைவிட இந்த மௌனம்தான் பாவம்.

“ஒருத்தர் சொல்லுறதைத் தட்டிப்போட்டு நான் உங்களை அனுப்பேலாது நிரோசினி” என்றார் லக்சிகா மிஸ். “இண்டைக்கு டொக்டர் ஒருக்காப் பார்க்கட்டும். நானும் கூட வாறன்.”

ஆஸ்பத்திரியில், வைத்துப் பார்க்க வேண்டும் என்று மறித்துவிட்டார்கள். அங்கே அது முறை. தோளில் போட்ட சோல், தலையில் குத்திய கிளிப், சட்டை ஊசி, போன் எல்லாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுக்கச் சொன்னார்கள். நிரோசினி ஒவ்வொன்றாகக் கழற்றித் தாயின் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கிளிப்பைக் கழற்றியதும் மயிர் அவிழ்ந்து விழுந்தது. அந்தக் கோலத்தில் உள்ளே போனாள்.

லக்சிகா மிஸ் ஞானமலரிடம் என்ன பிரச்சினை என்று அன்றைக்கும் சொல்லவில்லை. கவனமாக எப்படிப் பார்த்துக்கொள்வது, எதை எட்டாமல் வைப்பது, எந்த நேரத்தில் யாருக்குப் போன் எடுப்பது என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் கூட்டிச் சொன்னதால் கிடைத்ததும் ஒன்றுமில்லை. அங்கேயே விழுந்து சாகலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியால் விட்டு வீட்டுக்கு வந்த பிறகு நிரோசினி ஒரு சொல்லுப் பேசவில்லை. அடுத்த புதன் எழும்பவில்லை. ஞானமலர் கட்டில் காலடியில் குந்தி, “நான்தான் பொய் சொன்னனான் பிள்ளை. கொண்ணன் காசை நிப்பாட்டப்போறான் எண்ட பயத்தில சொன்னனான்” என்றாள்.

“தெரியும்.”

“என்னை என்ன வேணுமெண்டாலும் பேசு. நீ மிஸ்ஸிட்டப் போ.”

நிரோசினி சுவரைப் பார்த்தபடியே கதைத்தாள். “வீட்டில சொல்லேலாததை அங்க சொன்னனான் அம்மா. பிறகு நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்ல, மிஸ் என்னை நம்பாமல் உங்களை நம்பினவா. இனி எங்க போய்ச் சொல்லுறது?”

ஞானமலர் தனியே பஸ் ஏறினாள். வவுனியா வரைக்கும் நின்றுகொண்டே போனாள். மேல்மாடிப் படியில் காலை வைக்கவே வெட்கமாக இருந்தது. லக்சிகா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முகாமிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

“நான் அவவை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கவேணும்” என்றார் மிஸ். “எனக்கும் பயம் வந்திட்டுது அம்மா. அந்தப் பயத்துக்கு விலை குடுத்தது அவ.”

“நீங்கள் ஒருக்காக் கூப்பிடுங்கோ மிஸ். உங்கட சொல்லுக் கேப்பாள்.”

“நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்புறன். அதுக்கு மேல கரைச்சல் குடுக்கேலாது. வாறதும் வராததும் அவவின்ர உரிமை.”

“அப்ப அந்த மணித்தியாலத்தை ஆருக்கும் குடுக்காதேங்கோ. அவள் வருவாள்.”

“வைச்சிருக்கிறன். காசு வேண்டாம்.”

“வேண்டாம் மிஸ், காசை எடுங்கோ.” ஞானமலரின் குரல் எழும்பிவிட்டது. “சும்மா தாற எல்லாத்தையும் ஒருநாள் எடுத்துப்போடுவினம். நான் கண்டிருக்கிறன். வராத நாளுக்குப் பாதி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? காசு கட்டினால் அந்தக் கதிரை அவளின்ர.”

லக்சிகா மிஸ் மறுத்துப் பார்த்தார். இந்தப் பெண்ணோடு மல்லுக்கட்ட ஏலாது என்று கண்டதும் வினோஜாவைக் கூப்பிட்டு, கணக்குச் சீட்டு இனி அம்மாவின் போனுக்குப் போகட்டும் என்றார். மெல்ரொன் சொன்னபடியே நிறுத்தியிருந்தான். ஆஸ்பத்திரிக் கதை கேட்டபிறகு, உதால ஒரு பிரயோசனமும் இல்லை அம்மா, விட்டிடுங்கோ என்றான். ஞானமலர் அவனோடு வழக்காடவில்லை.

கருவாடு விற்ற காசில் அவள் நடக்காத கதைக்குக் காசு கட்டத் தொடங்கினாள். ஊர் அறிந்தால் விசர் என்று சொல்லும். அவளே தன்னை அப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு புதனும் பின்னேரம் போன் கிணுங்கும். ஆயிரத்தைந்நூறு. அதற்கு மேல் ஒரு எழுத்திராது. வியாழன் முல்லைத்தீவு வங்கியில் கட்டிவிட்டு வருவாள். கருவாட்டுக் காசு போதாமல், நகை என்று இருந்த சின்னக் காதுத் தோட்டை விற்றாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை சுவரைப் பார்த்தபடி இருக்கும். பழையபடி குளிப்பில்லை. சாப்பாட்டுக் கோப்பை வைத்தது வைத்தபடி இருக்கும். ஞானமலர் கரைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். கிணற்றடிக் கயிற்றை ஒளித்து வைத்தாள். மருந்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். பிள்ளை இருமினாலும் பயம், இருமாமல் கிடந்தாலும் பயம். மாதாவே, இதைக் காப்பாற்ற எனக்கு ஒரு பொய் கற்றுத் தந்தாய், அந்தப் பொய்யாலேயே இதைப் பறிக்கப் போகிறாயா என்று கோயிலில் முழந்தாளிட்டுச் சண்டை பிடித்தாள்.

ஒரு புதன் பின்னேரம் போன் கிணுங்கியபோது அது நிரோசினிக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள்.

“இதென்ன காசு?”

“உன்ர மணித்தியாலத்துக்கு.”

“நான் போறேல்லையே.”

“போகாட்டிப் பாதி.”

நிரோசினி போனைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே விரலால் தள்ளத் தள்ள அதே தொகை, அதே தொகை. பிறகு தாயின் வெறுங்காதைப் பார்த்தாள். போனைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த புதன் விடிய, கிணற்றடித் தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி வார்க்கிற சத்தம் கேட்டு ஞானமலர் திடுக்கிட்டு எழும்பினாள். நிரோசினி குளித்துவிட்டு வந்தாள். சட்டை மாற்றினாள்.

“பஸ்ஸுக்குக் காசு இருக்கோ?”

“இருக்கு. நானும் வரட்டோ பிள்ளை?”

“வேண்டாம்.”

படலையைத் திறந்துகொண்டு போனாள். சந்தி திரும்பும் வரைக்கும் ஞானமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். மறைந்ததும்தான் ஒன்று உறைத்தது. வவுனியாவுக்கென்று அவள் சொல்லவேயில்லை. பஸ்ஸுக்கென்று மட்டும்தான் சொன்னாள். சாகப் போகிற ஆட்களும் குளித்து உடுத்திக்கொண்டு போவார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவு வந்தது. மகளின் போனுக்கு எடுத்தாள். நிறுத்தி வைத்திருந்தது. சந்திக்கடைக்கு ஓடினாள். முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினவ என்றார்கள். முல்லைத்தீவில் இறங்கினால் வவுனியா பஸ்ஸும் நிற்கும், கொஞ்சம் நடந்தால் கடலும் இருக்கும்.

அன்றைக்கு வாங்கின மீன் உப்புப் போடாமல் கிடந்து கெட்டது. பத்து மணி, பதினொரு மணி. அந்த மணித்தியாலம் தொடங்குகிற நேரம் கழிந்ததும் நிலையத்துக்குப் போன் எடுத்தாள். வினோஜா எடுத்தாள்.

“பிள்ளை, நிரோசினி வந்திட்டாளோ?”

வினோஜா தயங்கினாள். “வந்தவவோ வரேல்லையோ எண்டும் நான் சொல்லேலாது அம்மா. குறை நினைக்காதேங்கோ.”

அந்தச் சொல் ஞானமலரின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள் பிள்ளை, சொல்லு வந்தவளோ என்று ஒரு வசனம் போதும். இந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டும். உள்ளே நிரோசினி இருந்தால், அவள் காதிலும் அது விழும். அம்மா திரும்பவும் ஏதோ சொல்லிப்போட்டா என்று தெரியும். அதற்குப் பிறகு எந்த மணித்தியாலத்துக்கும் வரமாட்டாள்.

உள்ளே இல்லாவிட்டால்?

ஞானமலர் போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்குப் பயமாயிருக்கு பிள்ளை” என்றாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

“விளங்குது அம்மா. மிஸ் வெளியில வந்த உடன நீங்கள் எடுத்தனீங்கள் எண்டு சொல்லுறன்.”

வைத்துவிட்டாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை. அடுப்பு மூட்டவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வாசற்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கரைவலை இழுக்கிற சத்தம் கேட்டது, ஓய்ந்தது. பின்னேரம் இரண்டு தரம் போன் கிணுங்கியது. ஒன்று கம்பனி விளம்பரம். மற்றது மெல்ரொன். எடுக்கவில்லை.

மூன்றாம் தரம் கிணுங்கியபோது கண் தெரியவில்லை. சட்டையில் போனைத் துடைத்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். நிலையத்தின் பெயர், திகதி, தொகை.

மூவாயிரம்.

திரும்பவும் வாசித்தாள். விரல் வைத்துப் பூச்சியங்களை எண்ணினாள். முழுக்காசு. பாதியில்லை, முழுக்காசு. கட்டுவதற்கு வீட்டில் அவ்வளவு இல்லை, விற்க வைத்திருந்த மீனும் நாறிக் கிடக்கிறது. ஞானமலர் வாசற்படியில் இருந்தபடியே பெரிதாகக் குழறி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி, ஐயோ என்ன நடந்தது என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “முழுக்காசு அக்கா, முழுக்காசும் கேட்டிருக்கினம்” என்றாள் ஞானமலர். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அநியாயக்காரர் என்று யாரையோ திட்டிவிட்டுப் போனாள்.

மாலை மங்குகிற நேரம் சந்தியில் பஸ் நின்றது. நிரோசினி இறங்கினாள். கண் வீங்கியிருந்தது, நன்றாக அழுதிருக்கிறாள். ஞானமலரின் வாயில் ஆயிரம் கேள்வி வந்து முட்டியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

“பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சதோ பிள்ளை?”

“புளியங்குளம் தாண்டித்தான் கிடைச்சது” என்றாள் நிரோசினி.